பாலுண்ணிக்குப் பீலித் தண்ணீரா காரணம்?

தேயிலைத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: மகனின் அக்குளிலும் கழுத்திலும் முத்து முத்தாகப் பாலுண்ணி. பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) வேறு சில பிள்ளைகளுக்கும் இருக்கிறது. லயத்துக்கே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கே, பொதுவான பீலியில் (தண்ணீர் விழும் குழாயில்) குளித்ததால் வந்ததா?

தண்ணீர் மீது பழி போட வேண்டாம். குளித்த பிறகு கைமாறும் துவாயைக் கவனியுங்கள்.

நடுவில் சிறு குழி விழுந்த இந்தப் பருக்களை உண்டாக்குவது மொலஸ்கம் வைரஸ். 1980இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட பெரியம்மை வைரஸின் குடும்பம்தான்; ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. தோலோடு தோல் உரசினாலும், துவாய், உடுப்பு வழியாகவும் தொற்றும். வெளியே தெரிய இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரை ஆகலாம் என்பதால், யாரிடமிருந்து வந்தது என்று பக்கத்துக் காம்பராவோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

இது ஒளிந்திருக்கும் விதம்தான் வியப்பு. மேல்தோலின் அடியில் பிறக்கும் கலம் மெல்ல மேலேறி, கடைசியில் உதிர்ந்துவிடும். வைரஸ் அந்தக் கலத்துக்குள் பெருகி, ஒரே பையாகத் திரண்டு, அதனுடனேயே மேலே வருகிறது. பை பருக்கப் பருக்கக் கலத்தின் கரு ஓரத்துக்கு ஒதுங்குகிறது. மேல்தோலில் இரத்தக் குழாய் கிடையாது; அதனால் இரத்தத்தோடு சுற்றும் நோயெதிர்ப்புக் கலங்களின் கண்ணில் இது எளிதில் படுவதில்லை. போதாததற்கு, நோயெதிர்ப்புக் கலங்களை வரவழைக்கும் சமிக்ஞையைத் தடுக்கும் புரதத்தையும் வைரஸே தயாரித்துக்கொள்கிறது. 1996இல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாக வாசித்தபோதுதான் இந்த வித்தைகள் பல வெளிப்பட்டன. கொல்லாத நோய் என்று ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவது தவறு. உடலின் எதிர்ப்பை இவ்வளவு நேர்த்தியாக அடக்கத் தெரிந்த உயிரியிடம் மருத்துவம் கற்க நிறைய இருக்கிறது.

உடலுக்கே தெரியாததால் வலியில்லை, சிவப்பில்லை. குழியைக் கிள்ளினால் மெழுகு போன்ற வெள்ளைத் துணுக்கு வரும். அதில் வைரஸ் நிறைந்திருக்கும். அதே நகத்தால் பக்கத்தில் சொறிந்தால், சொறிந்த தடத்திலேயே வரிசையாகப் புதுப் பருக்கள் முளைக்கும்.

மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வதை நான் தடுக்கமாட்டேன். பாலுண்ணி பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தானாகவே மறையும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். ஆனால் சுண்ணாம்பு வைத்துச் சுடுவதைப் பொறுக்க முடியாது. தானாகப் போயிருந்தால் அநேகமாகத் தடமே இருக்காது. சுட்ட தழும்போ ஆயுளுக்கும் நிற்கும்.

பருக்கள் ஒருநாள் சிவந்து வீங்கினால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது உடல் விழித்துக்கொண்டதன் அடையாளம். காய்ச்சல் அடித்தாலோ, கண்ணிமையில் வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றபடி, பருக்களை உடுப்பால் மூடி, துவாயைத் தனியாக வைத்து, பிள்ளையை மடுவத்துக்குத் தாராளமாக அனுப்பலாம்.