லிபர்டேரியன்: தாராளவாதியா, தன்னுரிமையாளரா?

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் தாமஸ் மாசி அணியும் கோட்டில் ஒரு குட்டி மின்னணு எண்காட்டி மின்னும். அவரே செய்தது. நாட்டின் கடன் நொடிக்கு நொடி ஏறுவதைக் காட்டிக்கொண்டே இருக்கும். 2024 நவம்பரில் அந்தக் கடன் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அந்த நிதியாண்டில் ராணுவத்துக்குச் செலவானதைவிட வட்டிக்குப் போனது அதிகம். மாசி ஒரு லிபர்டேரியன், அதாவது தனிமனிதரின் வாழ்விலும் சொத்திலும் அரசு முடிந்தவரை தலையிடக் கூடாது என்பவர். அரசு பணத்தில் ஒரு டாலர் செலவழிக்கவும் முகம் சுளிக்கும் இந்த லிபர்டேரியனைத் தமிழில் ‘தாராளவாதி’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? கஞ்சனுக்குக் கர்ணன் என்று பெயர் வைத்த கதைதான்.

குழப்பத்துக்கும் காரணம் உண்டு. லிபரல், லிபர்டேரியன் இரண்டுக்கும் வேர் ஒன்றே: ‘லிபெர்’ என்ற லத்தீன் சொல், அடிமையல்லாதவன் என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘லிபராலிஸ்’, அப்படிப்பட்டவனுக்குத் தகுந்த குணம் என்றாகி, பிறகு கொடைக்குணம் என்றும் விரிந்தது. எனவே லிபரலுக்குத் தாராளவாதி பொருந்தும். லிபர்டேரியன் வேறு கிளை.

அந்தக் கிளையும் நேராக வளரவில்லை. 1789-இல் வில்லியம் பெல்ஷாம் என்ற ஆங்கில எழுத்தாளர் லிபர்டேரியன் என்ற சொல்லை எழுதியபோது அரசியலே அதில் இல்லை. எல்லாம் முன்கூட்டியே விதிக்கப்பட்டதா, மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டா என்ற தத்துவ வழக்கில் தன்விருப்பத்தின் பக்கம் நின்றவர்களுக்கு அது பெயர். 1857-இல் ஜோசப் டெஜாக் என்ற பிரெஞ்சுக்காரர் ‘லிபர்டேர்’ என்று எழுதினார். அவர் அரசும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம் என்றவர்! மறு ஆண்டே நியூயார்க்கில் அந்தப் பெயரில் பத்திரிகையும் தொடங்கினார். ஆக, இன்று வலதுசாரிச் சொல்லாகத் தெரிவது அமெரிக்க மண்ணில் இடதுசாரிச் சொல்லாகத்தான் கால் வைத்தது.

1930-களில் பொருளாதார வீழ்ச்சியைச் சமாளிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ‘நியூ டீல்’ திட்டங்கள் வந்தபின், அரசு முன்வந்து செலவழிக்க வேண்டும் என்பவர்களுக்கு லிபரல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. அரசு ஒதுங்கி நிற்கட்டும் என்ற பழைய லிபரல்களுக்குப் பெயர் பறிபோனது. லிபர்டேரியன் என்பதை நாம் எடுத்துக்கொள்வோம் என்று 1955-இல் அவர்களில் ஒருவரான டீன் ரஸல் எழுதினார், எடுத்தும் கொண்டார்கள். 1971 ஆகஸ்டில் அதிபர் நிக்சன் கூலியையும் விலையையும் உறைய வைத்து, டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்தார். அந்த டிசம்பரிலேயே கொலராடோவில் லிபர்டேரியன் கட்சி பிறந்தது. நிக்சன் குடியரசுக் கட்சிக்காரர் என்பதைக் கவனியுங்கள். இரண்டு பெரிய கட்சிகளையும் ஒரே தட்டில் வைப்பது இவர்களுக்கு அன்றே வந்த பழக்கம். 2025-இல் டிரம்ப்பின் ‘பெரிய அழகான மசோதா’ என்ற வரி, செலவு மசோதா அரசின் கடன் உச்சவரம்பை 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தியபோது, அவருடைய கட்சியிலேயே இருந்துகொண்டு மாசியும் செனட்டர் ராண்ட் பாலும் எதிர்த்து வாக்களித்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘விடுதலைவாதி’ என்றால் நமக்குச் சிறையும் நாட்டு விடுதலையும்தான் நினைவுக்கு வரும். ‘சுதந்திரவாதி’ பரவாயில்லை, ஆனால் ராஜாஜி 1959-இல் தொடங்கிய சுதந்திரா கட்சியின் நிழல் அதில் விழும். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் சாடியதைக் கேட்டால் லிபர்டேரியன்கள் கைதட்டுவார்கள். ஆனால் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. ஒருவர் என்ன குடிக்கலாம் என்பதை அரசு சொல்வதா என்று இவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

எனக்குப் பிடித்தது ‘தன்னுரிமையாளர்’. தமிழில் உரிமை என்பது சட்டம் தரும் உரிமை மட்டுமல்ல, சொத்தின் மேல் உள்ள உடைமையும்தான். வீட்டு உரிமையாளர் என்கிறோமே. ஒவ்வொருவரும் தன் உடலுக்கும் உழைப்புக்கும் தானே உடைமையாளர் என்பதுதான் இவர்கள் கொள்கையின் அடிக்கல். வரி என்பது என் உழைப்பில் ஒரு பங்கு, அதை எடுக்க உனக்கு என்ன உரிமை என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. ஆங்கிலச் சொல்லில்கூட இந்த உடைமைப் பொருள் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. இனங்களின் தன்னாட்சி பற்றிப் பேசும்போதும் நம்மிடம் தன்னுரிமை என்ற சொல் புழங்குகிறது. அங்கே ‘தான்’ என்பது ஓர் இனம், இங்கே ஓர் ஆள். அதனால் முதல் முறை எழுதும்போது ‘தனிமனிதத் தன்னுரிமைவாதம்’ என்று எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். கட்சியின் பெயர் மட்டும் லிபர்டேரியன் கட்சி என்றே இருக்கட்டும்.