மருந்து ஏறியது கையில், விறைத்தது காலில்

சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். தெல்லிப்பளையில் ஏழாவது கீமோ முடிந்த கிழமை, அவருடைய இடது காற்செருப்பு கிணற்றடியில் தனியாகக் கிடந்தது. அவர் ஒற்றைச் செருப்போடு குசினி வரை வந்துவிட்டார். கழன்றது தெரியவே இல்லையாம். "காலுக்குக் கீழ பஞ்சு கட்டின மாதிரிக் கிடக்கு. இரவில எண்டால் அதே கால் மிளகாய் பூசின மாதிரி எரியுது" என்றார்.

நோய் நெஞ்சில். மருந்து ஏறியது கையில். கால் என்ன செய்தது?

ஊசி ஏற்ற "நரம்பு தேடுகிறோம்" என்று நாம் சொல்வது இரத்தக் குழாயை. இங்கே நான் சொல்வது உணர்வு நரம்பை. கால் பெருவிரலின் தொடுகையை அறியும் நரம்புக் கலத்தின் (செல்லின்) உடல் காலில் இல்லை, இடுப்பளவில் முள்ளந்தண்டின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து தலைமயிரைவிட மெல்லிய ஓர் இழை, ஏறத்தாழ ஒரு மீற்றர் தூரம் விரல் நுனி வரை இறங்குகிறது. இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி மேலே கலத்தின் உடலில்தான் உருவாகிறது. அவற்றைக் கீழே கொண்டுவர இழைக்குள் நுண்குழாய்கள் தண்டவாளம் போல ஓடுகின்றன. வேகமாகப் போகும் சரக்குக்கூட நாளொன்றுக்கு 40 சென்ரிமீற்றர் அளவுதான் நகரும். பெருவிரலைச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும்.

புற்றுநோய்க் கலம் இரண்டாகப் பிரியும்போது, நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) இரு பக்கமும் இழுத்துப் பிரிப்பவையும் இதே நுண்குழாய்கள்தாம். வின்கிறிஸ்ரின் என்ற கீமோ மருந்து அவற்றைக் கட்டவிடாது. சின்னம்மாவுக்கு ஏற்றிய பக்லிடக்சல் கட்டியதைக் கழற்றவிடாமல் இறுக்கிவிடும். இரண்டிலும் கலம் பிரிய முடியாமல் சாகிறது. நரம்புக் கலம் பிரிவதே இல்லை, ஆனால் அதன் தண்டவாளமும் அதே பொருளால் ஆனது. மருந்துக்கு வித்தியாசம் தெரியாது.

வின்கிறிஸ்ரின் எங்கள் முற்றத்துப் பட்டிப்பூவில் (நித்தியகல்யாணி) இருந்து எடுக்கப்படுவது. அதற்காக அந்தச் செடியை அவித்துக் குடிக்க வேண்டாம், அது நஞ்சு.

தண்டவாளம் பழுதானால் முதலில் வாடுவது கடைசி ஸ்ரேசன். அதனால்தான் மிக நீளமான நரம்புகள் முடியும் கால் விரல்களில் விறைப்புத் தொடங்கி, மேலே ஏறி, பிறகு கைவிரல்களுக்கும் வருகிறது. சட்டைப் பொத்தான் பூட்டுவதும் சேலைக்கு ஊசி குத்துவதும் சிரமமாகின்றன.

சரி, மரத்த கால் ஏன் எரிய வேண்டும்? அடிபட்ட நரம்பு பேசாமல் இருப்பதில்லை. தோல் உரிந்த வயர் தீப்பொறி கக்குவது போல, யாரும் தொடாமலே மின்துடிப்புகளை அனுப்புகிறது. மூளைக்கு அந்த இழையில் வரும் எல்லாச் சேதியும் பாதத்தில் இருந்து வந்ததுதான். எனவே எரிவு பொய்யல்ல, மனப்பிரமையும் அல்ல. நோயாளியை அப்படிச் சொல்லி அடக்குகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

பிளாற்றினம் கலந்த கீமோ மருந்துகளின் வழி வேறு. மூளையைச் சுற்றி இருப்பது போன்ற இறுக்கமான காவல் முள்ளந்தண்டோர நரம்பு முடிச்சுகளுக்கு இல்லை. இரத்தத்தில் வரும் மருந்து அங்கே கசிந்து தேங்கி, நரம்புக் கலத்தின் உடலையே தாக்குகிறது. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் விறைப்புக் கூடலாம். பெருங்குடல் புற்றுநோய்க்கு ஏற்றும் ஒக்சலிபிளாற்றினில் இன்னொரு தொல்லை, குளிர். அது ஏற்றிய நாட்களில் மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் தொட்டாலே விரல் சுள்ளென்று குத்தும். ஐஸ்கிரீம் வாயில் வைத்தால் தொண்டை அடைத்தது போலிருக்கும். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும்.

சின்னம்மா இதை மூன்று கிளினிக்குகளில் மறைத்தார். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பிவிடும் என்ற பயம். மறைத்ததுதான் பிழை. அளவைக் குறைக்கலாம், இடைவெளியைக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். தொடக்கத்தில் சொன்னால் தான் அந்த வழிகள் திறந்திருக்கும். நோவுக்கு ஆய்வுகளில் ஓரளவு பயன் தெரிந்த மருந்து டுலொக்செற்றின், அதுவும் எல்லோருக்கும் கேட்காது. அயலவர் சொன்ன விற்றமின் குளிசைகளைத் தாமாகப் போட வேண்டாம். விற்றமின் பி6 அளவு மிஞ்சினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெறுங்காலோடு சுடுமணலில் நடக்க அவர் ஆசைப்பட்டார். நாங்கள் விடவில்லை. உணராத கால் வெந்தாலும் தெரியாது. இப்போதெல்லாம் சுடுதண்ணீரை முழங்கையால் பார்த்துத்தான் காலில் ஊற்றுகிறார். படுக்கமுன் பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கிறார், காயம் இருக்கிறதா என்று.

நரம்பிழை திரும்ப வளரும், நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில். சிலருக்கு முழுதாகத் திரும்புவதும் இல்லை. போரால் 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் திரும்பி வந்த கதைதான்: 2013இல் கிளிநொச்சி, 2014இல் பளை, பிறகு யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில்தான் கடைசி ஸ்ரேசனான காங்கேசன்துறை. இதை நான் சொன்னதில் இருந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டால் சின்னம்மா கணுக்காலைத் தொட்டுக் காட்டுவார்.

"இப்ப பளையில நிக்குது."