கொடியேற்றத்துக்கு முன் பீடத்துக்குப் பெயிண்ட் வேண்டாம்

திருகோணமலைக் கத்தோலிக்கக் கோவில்களில் கொடியேற்றம் நெருங்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். வெளிநாட்டு உபயகாரர் யாராவது பணம் அனுப்புவார், தங்கநிற எனாமல் டின்கள் வந்திறங்கும், பழைய மரப்பீடம் இரண்டே நாளில் பளபளக்கும். மரச் சிற்பங்களைச் சீர்செய்வது என் தொழில். கறையானைவிட இந்தப் பக்திதான் எனக்கு அதிக வேலை தருகிறது.

ஆங்கிலேயர் காலத்துக் கோவில் ஒன்றில், நற்கருணைப் பேழைக்கு மேலே நிற்கும் சம்மனசின் (தேவதூதரின்) சிறகில் நகமளவு இடத்தைச் சுரண்டிப் பார்த்தோம். மேலே எனாமல், அதன்கீழ் நீலம், அதற்கும் கீழ் கறுத்த வார்னிஷ். எல்லாவற்றுக்கும் அடியில், சுண்ணப் பூச்சின்மேல் செங்களி தடவி ஒட்டிய அசல் தங்கத்தாள், மங்காமல் இருந்தது. டின்னில் வருவது பெரும்பாலும் பித்தளைத் தூள். கடற்காற்றில் விரைவில் கறுக்கும். கறுத்ததும் இன்னொரு கை பூசுவார்கள். உளி செதுக்கிய இறகு மடிப்புகள் இப்படித்தான் மொழுமொழுவென்று ஆகிவிடுகின்றன.

ஈரத்துணியும் ஆகாது. தங்கத்தாளைப் பிடித்திருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை; தண்ணீர் பட்டால் இளகிவிடும். எண்ணெய் வர்ணம் தீட்டிய பகுதிகளில் நாங்கள் பஞ்சைச் சொந்த எச்சிலில் நனைத்துத் துடைப்பதுண்டு. அதிலுள்ள நொதிகள் அழுக்கை மெல்லப் பிரிக்கும். (பங்குத்தந்தை பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.)

வறண்ட கச்சான் காற்றில் மரம் வற்றிச் சுருங்கும், மாரியில் ஈரம் குடித்து உப்பும். அதுவும் நெடுக்கில் அல்ல, குறுக்கில். மேற்பூச்சுக்கு அந்த நெகிழ்வு இல்லாததால் வெடிக்கிறது. வெடிப்பில் புட்டிப் பசையை இறுக்கி அடைத்தால் அடுத்த பருவத்தில் பக்கத்தில் வெடிக்கும். பெயிண்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் பீடத்துக்கு நேர்மேலே உடைந்த ஓடுகளை மாற்றினால் பெரும் புண்ணியம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, குருவானவர் மக்களை நோக்கிப் பூசை வைக்கத் தொடங்கியதும், பல ஊர்களில் பின்பீடங்களை, அதாவது பீடத்துக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் மரவேலைப்பாட்டை, கழற்றிப் போட்டுவிட்டார்கள். களஞ்சிய அறையில் அவற்றின் உடைந்த விரலோ இறகோ கிடந்தால் எறியாதீர்கள்.

மரத்தில் சிறு துளைகள் தெரிந்தால் உடனே மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். கீழே கறுப்புக் காகிதம் விரித்து ஒரு கிழமை பொறுங்கள். மாப்போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கலாம். ஆறு பட்டையுள்ள சிறு மணிகள் என்றால் உலர்மரக் கறையான். இரண்டுக்கும் வழி உண்டு: காற்றுப் புகாத உறையில் மூடி, ஒட்சிசனை வெளியேற்றி நைதரசன் நிரப்பிச் சில கிழமைகள் வைத்தால் முட்டைகூட மிஞ்சாது, பூச்சுக்கும் சேதமில்லை. பெரிய பீடத்தைப் பகுதி பகுதியாகச் செய்யலாம். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் இருபுறமும் படம் எடுத்து, இலக்கச் சீட்டைக் கயிற்றில் கட்டிவிடுங்கள்.