‘ஹோஸ்ட்’ என்பவர் தொகுப்பாளர் அல்லர்: விக் சோட்டோவை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

அயல்நாட்டுத் தொலைக்காட்சிக் கலைஞர்களைப் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘ஹோஸ்ட்’ என்ற சொல்லைக் கண்டவுடன், பொருளை ஆராயாமல் ‘தொகுப்பாளர்’ என்று எழுதிவிடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் விக் சோட்டோவை ‘நகைச்சுவை நடிகர், தொகுப்பாளர்’ என்று அறிமுகப்படுத்தினால், அவரை அறியாத தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? நடிப்புக்கு இடையே நூல்களையோ செய்திகளையோ திரட்டிப் பதிப்பித்தவர் என்றுதான் நினைப்பார். 1979 முதல் நண்பகல் நேரலை மேடையில் நின்று ஒரு நாட்டையே சிரிக்கவைத்தவரின் பணியை அந்தச் சொல் சொல்லவே இல்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘ஹாஸ்பெஸ்’ என்ற சொல் விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருசேரக் குறித்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘ஹோஸ்ட்’ ஆனது. ஹாஸ்பிடல், ஹாஸ்டல், ஹோட்டல் ஆகியவை அதே குடும்பத்தவை. வீட்டுக்கு வந்தவரை வரவேற்பவர் என்ற பொருள், வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் நிகழ்ச்சிக்கு வந்தவர்களையும் பார்ப்பவர்களையும் வரவேற்று முன்னின்று நடத்துபவர் என்று விரிந்தது. படை என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் இன்னொரு ‘ஹோஸ்ட்’, அயலாரையும் பகைவரையும் குறித்த ‘ஹாஸ்டிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அது நமக்கு இங்கே வேண்டாம்.

இந்த வேரை மட்டும் பிடித்துக்கொண்டு ‘தொலைக்காட்சி விருந்தோம்புநர்’ என்றும் ‘புரவலர்’ என்றும் எழுதுவோர் உண்டு. விருந்தோம்பல் உணவும் உறைவிடமும் தந்து பேணுவது. ஒட்டுண்ணியைத் தாங்கும் உயிரை உயிரியலில் ‘ஓம்புயிரி’ என்பது அந்தப் பொருளுக்குப் பொருந்துகிறது, கேள்வி கேட்டுச் சிரிக்கவைப்பவருக்குப் பொருந்தவில்லை. புரவலர் பொருள் கொடுத்துக் காப்பவர். தொலைக்காட்சியில் அந்த இடம் விளம்பரதாரருக்கு உரியது. இவ்விரண்டும் வழக்கில் வேரூன்றாதவை என்பதால் இவற்றோடு நீண்ட வாதம் தேவையில்லை.

வேரூன்றிவிட்டது ‘தொகுப்பாளர்’ என்பதுதான். தொகுத்தல் என்றால் சிதறிக் கிடப்பவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்துதல். எட்டுத்தொகை என்ற பெயரே அதற்குச் சான்று. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுத்தவர் வேறு, பாடியவர் வேறு, தொகுப்பித்த அரசர் வேறு என்று நம் முன்னோர் மூன்று பணிகளையும் பிரித்தே சொன்னார்கள். இவ்வளவு துல்லியமாக நின்ற சொல்லை, மேடையில் நின்று பேசும் எவருக்கும் பொருத்திவிட்டோம்.

இந்தப் பிறழ்ச்சிக்கு வழிவிட்டது ‘தொகுத்து வழங்குபவர்’ என்ற தொடர். நேயர் கடிதம், திரைப்பாடல், துணுக்குச் செய்தி ஆகியவற்றைச் சேர்த்து வானொலியில் அளித்தவரை அப்படிச் சொன்னது முழுக்கச் சரி. அவர் உண்மையிலேயே தொகுத்தார், பிறகு வழங்கினார். தொடர் நீளமென்று சுருக்கியபோது, நேயர் கேட்கும் வினையாகிய ‘வழங்கு’ உதிர்ந்துபோய், நேயர் காணாத வினையாகிய ‘தொகு’ மட்டும் தங்கிவிட்டது. சுருக்குவோர் எப்போதும் தேவையற்றதைத்தான் நீக்குவார்கள் என்பது நம்பிக்கையே தவிர உண்மை அன்று.

அதைவிடப் பெரிய குழப்பம் தொலைக்காட்சித் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. படமாக்கிய காட்சிகளை வெட்டி ஒட்டுபவருக்குப் ‘படத்தொகுப்பாளர்’ என்ற பெயர் முன்பே நிலைத்துவிட்டது. ஒரே நிகழ்ச்சியின் பெயர்ப்பட்டியலில் கணினி முன் அமர்ந்து காட்சிகளைக் கோப்பவரும் தொகுப்பாளர், ஒளிவிளக்கின் கீழ் நின்று பேசுபவரும் தொகுப்பாளர் என்றால், மொழிபெயர்ப்பாளர் வாசகரைக் கைவிட்டுவிட்டார் என்றே பொருள்.

விக் சோட்டோவின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் பொருத்தமின்மை இன்னும் தெளிவாகும். 1954இல் மணிலாவில் பிறந்த அவர், 1970களில் விஎஸ்டி அண்ட் கம்பெனி இசைக்குழுவில் பாடிப் புகழ்பெற்றார். அண்ணன் டிட்டோ சோட்டோ, நண்பர் ஜோயி டி லியோன் ஆகியோரோடு சேர்ந்து மூவரணியாக நகைச்சுவையில் நிலைத்தார். அவர்கள் நடத்திய ‘ஈட் புலகா!’ என்ற நண்பகல் நிகழ்ச்சி 1979 ஜூலை 30 அன்று ஆர்பிஎன் 9 அலைவரிசையில் தொடங்கியது. முகத்தை மறைத்துத் திடீரென்று காட்டிக் குழந்தையைச் சிரிக்கவைக்கும் விளையாட்டில் சொல்லப்படும் சொல்லான ‘புலகா’வை நண்பகல் உணவு வேளையோடு இணைத்து அந்தப் பெயரைப் படைத்தவர் ஜோயி. நிகழ்ச்சி 1989இல் ஏபிஎஸ்-சிபிஎன் நிலையத்துக்கும், 1995இல் ஜிஎம்ஏ நிலையத்துக்கும் மாறியது. இதற்கிடையே விக் சோட்டோ, தேவதையை மணந்துகொண்ட எளிய மனிதன் ‘எந்தெங்’ என்ற பாத்திரமாகத் தொலைக்காட்சித் தொடரில் நடித்து, அந்தப் பாத்திரத்தைத் திரைப்படங்களுக்கும் கொண்டுபோனார். ஆயினும் மக்கள் அவரை அன்றாடம் கண்டது நண்பகல் மேடையில்தான்.

நேரலையில் தொகுப்பதற்கு என்ன இருக்கிறது? 2015 ஜூலை 16 அன்று ‘ஈட் புலகா!’வில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். வாய் திறந்து பேசாமல் ஒலிப்பதிவுக்கு உதடசைக்கும் பணிப்பெண் ‘யாயா டப்’ ஆக நடித்துக்கொண்டிருந்த மெய்ன் மெண்டோசா, அரங்கத்திலிருந்த நடிகர் ஆல்டன் ரிச்சர்ட்ஸைத் திரையில் கண்டதும் தன் கடுகடுத்த பாவனை குலைந்து சிரித்துவிட்டார். நிகழ்ச்சியை நடத்தியவர்கள் அந்தக் கணத்தை நழுவவிடாமல் பற்றி, கிண்டல் செய்து, மறுநாளும் தொடர்ந்து, ‘ஆல்டப்’ என்ற தொடர்கதையாகவே வளர்த்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று பிலிப்பைன் அரங்கில் நடந்த சிறப்பு நிகழ்ச்சியை ஒட்டி ஏறத்தாழ 4 கோடியே 10 லட்சம் ட்விட்டர் பதிவுகள் குவிந்தன. எழுதி வைக்காத ஒரு புன்னகையை அந்த நொடியிலேயே கண்டுகொண்டு நிகழ்ச்சியின் போக்கைத் திருப்புவது தொகுக்கும் வேலை அன்று, நடத்தும் வேலை.

2023 மே 31 அன்று மூவரணி தயாரிப்பு நிறுவனமான டேப்பைவிட்டு விலகியது. ஜூலை 1 முதல் டிவி5 நிலையத்தில் வேறு பெயரில் நண்பகல் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். பெயருரிமை வழக்கில் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தபின், 2024 ஜனவரியில் ‘ஈட் புலகா!’ என்ற பெயரும் அவர்களிடம் வந்து சேர்ந்தது. ஒளிபரப்பும் நிலையம் மாறியது, தயாரித்த நிறுவனம் மாறியது. நடத்தியவர்கள் போன இடத்துக்கு நிகழ்ச்சி போயிற்று.

பிலிப்பினோ மொழி இதை எப்படிச் சொல்கிறது என்று பார்ப்பதும் பயன் தரும். பேச்சில் ‘ஹோஸ்ட்’ என்றே சொல்கிறார்கள் என்றாலும், முறையான நடையில் ‘புனோங்-அபலா’ என்ற சொல் உண்டு. ‘புனோ’ தலைமை, ‘அபலா’ அலைச்சல், அதாவது எல்லாருக்காகவும் முதலில் நின்று மெனக்கெடுபவர். விழா மேடையில் நிற்பவரை ‘தகபக்டலோய்’ என்பார்கள். ‘டலோய்’ என்றால் ஒழுகிச் செல்லுதல், எனவே நிகழ்ச்சியைத் தடையின்றி ஓடச்செய்பவர் என்று பொருள். ‘நிகழ்ச்சியின் ஆசான்’ என்று பொருள்படும் ‘குரோ நங் பலதுந்துனன்’ என்றொரு தொடரும் இருக்கிறது. அதிலுள்ள ‘குரோ’ நாம் அறிந்த ‘குரு’வேதான், வடமொழியிலிருந்து கடல் கடந்து சென்றது. மெனக்கெடுதல், ஓடச்செய்தல், வழிகாட்டுதல் என்று மூன்றும் செயலைப் பார்க்கின்றன. ஒன்றுகூடத் திரட்டுதலைப் பேசவில்லை.

ஆகவே என் தேர்வு ‘நிகழ்ச்சி நடத்துநர்’. உலகக் கோப்பைக்கு ‘ஹோஸ்ட்’ ஆக இருக்கும் நாட்டை நம் நாளிதழ்கள் ‘போட்டியை நடத்தும் நாடு’ என்றே எழுதுகின்றன. எவரும் ‘தொகுக்கும் நாடு’ என்று எழுதுவதில்லை. நாட்டுக்குப் பொருந்தும் வினை மனிதருக்கு ஏன் பொருந்தாது? நடத்துநர் என்றால் பேருந்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர் நினைவுக்கு வருகிறார் என்று மறுப்பார்கள். ‘நிகழ்ச்சி’ என்ற அடைமொழி முன்னே நிற்கையில் அந்த மயக்கம் எழாது. படத்தொகுப்பாளருக்கும் நிகழ்ச்சித் தொகுப்பாளருக்கும் உள்ள மயக்கம் எந்த அடைமொழியாலும் முற்றாகத் தீராது, ஏனெனில் நிகழ்ச்சியைப் படத்தொகுப்பாளரும் தொகுக்கத்தான் செய்கிறார். எழுதும்போது ‘நடத்துனர்’ என்று எழுதாமல், ‘ஓட்டுநர்’ போல, ‘நடத்துநர்’ என்றே எழுத வேண்டும்; இந்த ‘ந’ எழுத்தைக் கைவிடுவது வேகமாகப் பரவிவருவதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

‘நெறியாளர்’ என்ற நல்ல சொல்லை விவாத அரங்குக்கு விட்டுவைக்கலாம். அங்கே பேச்சை நெறிப்படுத்துவதே பணி. விக் சோட்டோ யாரையும் நெறிப்படுத்துவதில்லை, போட்டியாளரோடு சேர்ந்து சிரிக்கிறார். துணைக்கு நிற்பவரை ‘இணை நடத்துநர்’ என்றும், ஒருநாள் மட்டும் வருபவரை ‘சிறப்பு நடத்துநர்’ என்றும் இயல்பாகச் சொல்லலாம். ‘தொகுப்பாளர்’ என்பதைப் பதிவுசெய்த துணுக்குகளைக் கோத்து அளிப்பவருக்கும் நூல் தொகுப்போருக்கும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.