தவணை மடல்: ‘டிஃபேர்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சொந்த லினக்ஸ் சேர்வரில் மின்னஞ்சல் நடத்தும் அலுவலகங்களில் ஒரு வசனம் ஓயாமல் கேட்கிறது: “மெயில் நிராகரிக்கப்பட்டிட்டுது.” சேர்வர் செய்ததையெல்லாம் பதியும் லொக்கைத் திறந்தால், அந்த மடலின் வரியில் ஸ்டேட்டஸ் என்ற இடத்தில் நிற்பது ‘டிஃபேர்ட்’. யாரும் எதையும் நிராகரிக்கவில்லை. பயிற்சிக் குறிப்பை மொழிபெயர்த்தவர் ரிஜெக்ட் (ஏற்க மறுத்தல்), டிஃபேர்ட் (பிறகு அனுப்ப வைத்திருத்தல்), பவுன்ஸ் (அனுப்பியவருக்கே திரும்புதல்) மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார். படித்தவர்கள் அந்தச் சொல்லையே சொல்கிறார்கள். அதை நம்பி வேலையும் செய்கிறார்கள். அங்கேதான் கேடு.

சொல்லின் வேர் லத்தீனில் ‘டிஃபெர்ரே’: அப்பால் கொண்டுபோதல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, ஒரு காரியத்தைப் பிந்திய நேரத்துக்குத் தள்ளுவதைக் குறித்தது. நிராகரணம் வடசொல், ஏற்க மறுத்து ஒதுக்குவது. இவ்வளவு போதும்.

சேர்வருக்குள் நடப்பதைப் பாருங்கள். எதிர்ப்பக்கத்துச் சேர்வர் மூன்றிலக்க எண்ணில் பதில் சொல்லும். 2 இல் தொடங்கினால் ஏற்றுக்கொண்டது. 5 இல் தொடங்கினால் முடியாது, திரும்ப வராதே. 4 இல் தொடங்கினால் இப்போது முடியாது, பிறகு வா. இந்தக் கடைசிப் பதில் வந்தாலும், எதிர்ப்பக்கத்தோடு தொடர்பே கிடைக்காவிட்டாலும், சேர்வரில் மடல் அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் அந்த மடலை டிஃபேர்ட் வரிசையில் வைக்கும். வழமையான அமைப்பில், மறுபடி அனுப்பிப் பார்க்கும் முதற்சுற்று சுமார் 300 விநாடிக்குப் பிறகு. பிறகு இடைவெளி கூடிக்கூடி 4000 விநாடி வரை போகும். 5 நாளாகியும் போகாவிட்டால்தான் அனுப்பியவருக்குத் திருப்பி அனுப்பும். ஆக, டிஃபேர்ட் என்றால் அடுத்த முறைக்கு நேரம் குறித்தாயிற்று, கடைசிக் கெடுவும் உண்டு என்று பொருள்.

இதற்குச் சொல் தேடி எங்கும் போகத் தேவையில்லை. நீதிமன்ற வாசலில் நிற்பவரிடம் “வழக்கு என்ன மாதிரி?” என்று கேட்டால், “தவணை போட்டிருக்கு” என்பார். வழக்குத் தோற்றுவிட்டது என்று அதை ஒருவரும் விளங்கிக்கொள்வதில்லை. இன்றைக்கு முடியவில்லை, அடுத்த திகதி இருக்கிறது, அவ்வளவுதான். டிஃபேர்ட் வரிசையில் கிடக்கும் மடலின் நிலை அச்சொட்டாக இதுவே. தவணை மடல், தவணை வரிசை, தவணையில் இருக்கிறது: மூன்றும் நாவில் இயல்பாக வருகின்றன.

‘ஒத்திவைப்பு’ என்று எழுதுவோர் உண்டு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அது பழகிய சொல்தான். ஆனால் வடக்கில் ஒத்தி என்றால் காணி ஈடு. காணியைக் கொடுத்துக் காசு வாங்கி, காசு திருப்பும்வரை விளைவை மற்றவர் எடுப்பது. வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையிலேயே இடம்பெற்ற சொல். “மடலை ஒத்திவைத்தோம்” என்று முல்லைத்தீவில் ஒரு முதியவரிடம் சொன்னால், ஆருக்கு, எவ்வளவுக்கு என்றுதான் கேட்பார். ‘பிற்போடல்’ நல்ல தமிழ், பிழை சொல்லமாட்டேன். ஆனால் எப்போது வரை என்பதை அது சொல்லாது. கூட்டத்தைத் திகதி குறிப்பிடாமலும் பிற்போடலாம். ‘நிலுவை’ கணக்குப் புத்தகத்துச் சொல், கொடுக்கவேண்டிய பாக்கி. தவணைக்கு ஏற்கெனவே பல பொருள் இருக்கிறதே என்று ஆட்சேபிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தவணை, லீசிங் காசுக்கு மாதத் தவணை, மன்றில் தவணை. எல்லாவற்றின் உள்ளேயும் இருப்பது குறித்த காலம் என்ற ஒரே பொருள். நான்காவதாக மின்னஞ்சலும் அந்தக் குடும்பத்தில் சேரட்டும்.

பவுன்ஸுக்குத் ‘துள்ளல் அஞ்சல்’ என்று எழுதுவதையும் இங்கேயே நிறுத்தவேண்டும். மீனும் கன்றும் துள்ளும். வங்கியிலிருந்து காசோலை வந்தால் “செக் திரும்பிட்டுது” என்று ஊரே சொல்கிறது. திரும்பிய மடல், முடிந்தது. அகராதியைப் புரட்டி முதலாவது பொருளை எடுத்து ஒட்டுகிறவர், அந்த வேலையைச் செய்கிறவரிடம் ஒருமுறை கேட்டிருந்தால் இந்தச் சொல் பிறந்தே இராது.

பிழையான சொல் பிழையான வேலையைச் செய்யவைக்கிறது. நிராகரிப்பு என்று கேட்டவர் அதே கடிதத்தை மறுபடி அனுப்புகிறார். மாலையில் இரண்டு பிரதியும் போய்ச் சேர்கின்றன. நிர்வாகி வரிசையையே அழித்துவிடுகிறார், அல்லது நிமிடத்துக்கு ஒருமுறை ‘போஸ்ட்கியூ’ கட்டளையால் முழுவதையும் தள்ளுகிறார். போகக்கூடிய மற்ற மடல்களும் அதனால் சுணங்கும். தவணை என்று விளங்கினால் முதலில் காரணத்தைப் பார்ப்பார். ‘மெயில்கியூ’ என்று அடித்தால் ஒவ்வொரு மடலுக்கும் கீழே அடைப்புக்குறிக்குள் காரணம் இருக்கும். 450 அல்லது 451, ‘கிரேலிஸ்ட்’ என்றிருந்தால் கையை வைக்கவேண்டாம். அறிமுகமில்லாத சேர்வரை எதிர்ப்பக்கம் ஒருமுறை காக்கவைத்துப் பார்க்கிறது, அடுத்த சுற்றில் எடுக்கும். எந்த முகவரிக்கும் ‘கனெக்‌ஷன் டைம்ட் அவுட்’ என்றால், இணைப்புத் தருபவர் வெளிச்செல்லும் 25 ஆம் போர்ட்டை அடைத்திருக்கக்கூடும். 587 ஆம் போர்ட் வழியாக, இடையில் நின்று மடலைக் கடத்தும் ஒரு ரிலே சேர்வருக்கூடாக அனுப்பவேண்டும். எம்எக்ஸ் பதிவு (ஒரு டொமைனின் மடலை எந்தச் சேர்வர் வாங்கும் என்ற குறிப்பு) தேடமுடியவில்லை என்றால், பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரூட்டரை மாற்றியபின் இது வந்தால், போஸ்ட்ஃபிக்ஸ் மடல்களை வைக்கும் ஸ்பூல் அடைவுக்குள் இருக்கும் ரிசொல்வ் கோப்பில் டிஎன்எஸ் சேர்வரின் பழைய முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

550 போல 5 இல் தொடங்கும் எண் வந்தால் மட்டுமே அது நிராகரிப்பு. ஐபி முகவரிக்குப் பிடிஆர் பதிவு (முகவரியிலிருந்து பெயரைக் காட்டும் குறிப்பு) இல்லை, அனுப்புபவரை உறுதிசெய்யும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகள் இரண்டுமே தேறவில்லை போன்றவை அங்கே வரும். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் இறுக்கமாக நிற்கிறது. பதிவைத் திருத்தாமல் எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான்.

தவணை நேர்ந்ததை அனுப்பியவருக்கு அறிவிக்கும் வசதி போஸ்ட்ஃபிக்ஸில் ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். ‘டிலே வார்னிங் டைம்’ என்பதை 4 மணித்தியாலமாக வைத்து, பவுன்ஸ் வார்ப்புருவில் தாமத அறிவிப்பைத் தமிழில் எழுதலாம். எழுத்துக்குறி யூடிஎஃப்-8, தலைப்பு வரி மட்டும் ஆஸ்கி எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில் இருக்கவேண்டும். உடலில் இப்படிப் போடுங்கள்:

“உங்கள் மடல் இன்னும் போய்ச் சேரவில்லை. தவணையில் இருக்கிறது. 5 நாள் வரை சேர்வர் தானாகவே அனுப்பிப் பார்க்கும். நீங்கள் மறுபடி அனுப்பவேண்டாம்.”