போனட்டைத் திறந்தால் வேறு கார்

கியூபாவின் தலைநகர் ஹவானாவில், கபிடோலியோ என்ற நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே நிற்கும் கார்களைப் படத்தில் பார்த்தவர்களுக்கு, அங்கே 1957 இன்னும் முடியவில்லை என்று தோன்றும். நேரில் போனால் காது அந்த மயக்கத்தைத் தெளிய வைத்துவிடும். ரோஸ் நிறத்தில் பளபளக்கும் செவர்லே பெல் ஏர் ஒன்று கிளம்பும். வருவதோ லோடு வேனின் சத்தம். போனட்டுக்குள் இருப்பது ஜப்பானிலோ கொரியாவிலோ வேனுக்காகச் செய்த டீசல் என்ஜின். கியர் பாக்ஸ் அதனோடு வந்தது. சில்லறைப் பாகங்களில் பாதி ரஷ்ய லாடாவிலிருந்து கழற்றியவை. மீதியை உள்ளூர் லேத் பட்டறையில் கடைந்திருப்பார்கள்.

கியூபாவின் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘காலம் உறைந்த நாடு’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறைந்திருந்தால் இந்தக் கார்கள் என்றைக்கோ காயலான் கடைக்குப் போயிருக்கும். ஒவ்வொரு பத்தாண்டிலும் கிடைத்ததை வைத்து உள்ளே எதையாவது மாற்றிக்கொண்டே வந்ததால்தான் சுமார் 60,000 அமெரிக்கக் கார்கள் இன்னும் ஓடுவதாகக் கணக்குச் சொல்கிறார்கள். அப்படி மாற்ற இடம் கொடுத்தது அந்தக் கார்களின் கட்டமைப்பு.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஃப்ளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து கியூபா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். 1959 ஜனவரியில் ஃபிடல் காஸ்ட்ரோவின் புரட்சி வெல்லும்வரை டெட்ராய்ட் கார்கள் அங்கே சரளமாக இறங்கின. 1960 அக்டோபரில் உணவு, மருந்து தவிர மற்ற ஏற்றுமதியை அமெரிக்கா நிறுத்தியது. 1962 பிப்ரவரியில் கென்னடி அதை முழு வர்த்தகத் தடையாக்கினார். அதற்கப்புறம் ஒரு ஸ்பார்க் பிளக்கூட நேர்வழியில் வரவில்லை. சோவியத் யூனியனிலிருந்து வந்த லாடா, மாஸ்க்விச் கார்களை அரசே பார்த்து ஒதுக்கியது. தனியார் தங்களுக்குள் தாராளமாக வாங்கி விற்க முடிந்தது புரட்சிக்கு முந்தைய கார்களை மட்டும்தான். 2011 வரை இதுதான் சட்டம். ஆக, காரைவிட அதன் பதிவுப் பத்திரம் பெரிய சொத்து. அந்தப் பத்திரத்தைக் காப்பாற்றத்தான் வண்டியையே திரும்பத் திரும்பக் கட்டினார்கள்.

சரி, என்ஜினை எப்படி மாற்ற முடிகிறது? இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குச் சேசிஸ் என்ற தனி அடிச்சட்டகம் கிடையாது. உடலே பாரம் தாங்கும். என்ஜின் முன்பக்கம் குறுக்காக, விரல் நுழைய இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும். 1950களின் செவர்லேவில் கீழே கனமான எஃகுச் சேசிஸ் தனியாக இருக்கும், உடலை அதன்மேல் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். என்ஜின் நீளவாக்கில் நிற்கும். பின்னால் கியர் பாக்ஸ், அதன்பின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், கடைசியில் பின் அச்சு. 3.9 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜினுக்காக வெட்டிய பள்ளம் அது. நாலு சிலிண்டர் டீசல் அதற்குள் தாராளமாக இறங்கும்.

கெட்டிக்கார மெக்கானிக் என்ஜினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே எடுத்துக்கொள்வார். பழைய கியர் பாக்ஸோடு புது என்ஜினை இணைக்க நடுவில் ஒரு எஃகுத் தகடு கடைய வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் கியர் பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரமே ஊளையிட ஆரம்பித்துவிடும். ஜோடியாக மாற்றினால் அந்தத் தலைவலி இல்லை. சேசிஸில் புதிய மவுண்டுகளை வெல்டு செய்ய வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளத்தைச் சரிசெய்து, மறுபடி ஒட்டி, சுழலும்போது ஆடாதபடி எடையைச் சமன்படுத்த வேண்டும். அப்புறம் வேகப் பொருத்தம். பழைய ஆறு சிலிண்டரும் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்றுக்கு மேல் ஓடப் பிறந்ததல்ல, குறைந்த சுற்றிலேயே இழுவை தரும். வேன் டீசலின் சுபாவமும் அதுவே. அதனால் பின் அச்சின் பல் விகிதத்தைத் தொடாமலேகூடச் சமாளித்துவிடலாம்.

டீசலைத் தேடிப் போகக் காரணம், 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததும் வந்த எரிபொருள் பஞ்சம். பெட்ரோல் என்ஜினில் வேகத்தைக் குறைப்பது என்றால் காற்று வரும் வழியை ஒரு தட்டால் அடைப்பது. நகர நெரிசலில் அந்தப் பெரிய ஆறு சிலிண்டர், பாதி மூடிய வாயால் மூச்சிழுத்தே சக்தியை வீணாக்கும். டீசல் என்ஜினில் காற்றுக்குத் தடை இல்லை. தெளிக்கும் எரிபொருளின் அளவுதான் மாறும். போதாததற்கு ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் மேல் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. நாளெல்லாம் ஒரே தடத்தில் ஆள் ஏற்றி இறக்கும் ஷேர் டாக்ஸிக்கு இந்தக் கணக்கு போதும்.

பிறந்த என்ஜினோடே ஓடும் கார்களும் உண்டு. அவற்றைக் காப்பாற்றியது குறைந்த அழுத்த விகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடத்தையும், மேலே வந்ததும் மிஞ்சும் இடத்தையும் ஒப்பிடும் எண் அது. இன்றைய பெட்ரோல் கார்களில் 10, 12 என்று இருக்கும். 1950களின் முதல் பாதியில் வந்த செவர்லே ஆறு சிலிண்டரில் 6.6 முதல் 7.5 வரைதான். அழுத்தம் கூடினால் கலவை சூடாகி, ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி வருவதற்கு முன்போ பின்போ தானே வெடித்து என்ஜின் ‘டக்டக்’ என்று தட்டும். அப்படித் தானே வெடிக்காமல் தாங்கும் பெட்ரோலின் தன்மைக்குத்தான் ஆக்டேன் என்று பெயர். கியூபாவின் சாதாரண பெட்ரோல் 83 ஆக்டேன். இன்றைய கார் அதைக் குடித்தால் முனகும். பழைய செவர்லே கண்டுகொள்ளாது.

1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பொருளாதாரத் தடையில் பெட்ரோல் அற்றுப்போனபோது அங்கே பழைய ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் கொஞ்சம் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதன் ஆக்டேன் மிகக் குறைவு. அழுத்த விகிதம் குறைந்த அந்த என்ஜின்கள் புகை கக்கிக்கொண்டே பொறுத்துக்கொண்டன.

இன்னொரு விஷயம், இந்தக் கார்களின் பாகங்கள் எதையும் ஒளித்து வைப்பதில்லை. 1952 வரை வந்த செவர்லே ஆறு சிலிண்டரில் பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனைக்குத் தனி பேரிங் கிடையாது. பேபிட் என்ற வெள்ளை உலோகத்தை உருக்கி ராடுக்குள்ளேயே வார்த்து, கிராங்க் ஷாஃப்டின் அளவுக்குக் கடைந்திருப்பார்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் காகிதம்போல மெல்லிய தகடுகள் இருக்கும். ஓடி ஓடி பேபிட் தேய்ந்து ராடு தட்டினால், ஒரு தகட்டை உருவிவிட்டு மறுபடி இறுக்கினால் இடைவெளி சரியாகிவிடும். தகடெல்லாம் தீர்ந்துவிட்டால் பேபிட்டை மறுபடி உருக்கி ஊற்ற வேண்டியதுதான். தயாரித்த கம்பெனியே இல்லாமல் போனாலும் உருக்க ஒரு அடுப்பும் ஒரு லேத்தும் கைப்பழக்கமும் உள்ளவர் செய்துவிடலாம். சிலிண்டர் தேய்ந்தால் துளையைப் பெரிதாகக் கடைந்து உள்ளே புது உறை (ஸ்லீவ்) இறக்குவது, உடைந்த கியர் பல்லை வெல்டு வைத்து அரத்தால் ராவி எடுப்பது எல்லாம் இதே வகை. கையில் உள்ள பாகமே தன் வரைபடம். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தால் அடுத்ததைச் செய்யலாம். இன்றைய காரின் கணினிப் பெட்டியில் அப்படி எதை அளப்பது?

மின்சாரம் சுலபம். 1954 வரை வந்த செவர்லேக்கள் 6 வோல்ட். லாடா 12 வோல்ட். ஆல்டர்னேட்டர், பேட்டரி, பல்பு மூன்றையும் மாற்றினால் பெரும்பாலும் வேலை முடிந்தது. பழைய வயர் இரண்டு மடங்கு மின்னோட்டத்துக்காகப் போட்டது என்பதால் அது தாங்கும்.

பிரேக்கைப் பற்றித்தான் நல்லதாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் காலத்து டிரம் பிரேக்குக்கு ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். எண்ணெயும் லேசில் கிடைக்காது. என்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் அதைக் குடித்து உப்பி, சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும். ஷாம்பூவும் சர்க்கரையும் கலந்து பிரேக் எண்ணெய் செய்த கதைகளைச் சுற்றுலாப் பயணிகள் ரசித்துச் சொல்வார்கள். தண்ணீர் கலந்த எதுவும் டிரம் சூடேறினால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். திரவம் சுருங்காது, மிதியைச் சக்கரத்துக்கு அப்படியே கடத்தும்; ஆவி சுருங்கிவிடும், மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும். நான் அந்தக் கதையை ரசிக்க மாட்டேன். சீட் பெல்ட்டும் கிடையாது, ஸ்டியரிங் கம்பி மோதினால் மடங்காமல் நேரே நெஞ்சுக்கு வரும்.

உடலுக்குப் பகை கடற்காற்று. மலெகோன் கடற்கரைச் சாலையில் அலை எகிறி காரையே குளிப்பாட்டும். உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துரு வேகமெடுக்கும். தகடு தடிமன் என்பதால் முழுக்க அரிக்க நாளாகும். அதற்குள் டிங்கர் வேலை, பட்டி, பெயிண்ட் என்று ஒரு சுற்று முடிந்துவிடும். சுற்றுலாப் பயணிகள் விரும்பும் திறந்த கார்களில் பல, கூரையோடு பிறந்தவை. பாரத்தைச் சேசிஸ் தாங்குவதால் கூரையை அறுத்தாலும் கார் ஓடும். ஆனால் கூரை தந்த விறைப்பு போனதால் மேடு பள்ளத்தில் உடல் முறுக்கிக்கொள்ளும், கதவு சரியாகச் சாத்தாது.

இப்போது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு வருவோம். 2014 டிசம்பரில் ஒபாமா கியூபாவோடு உறவைச் சீராக்கப்போவதாக அறிவித்ததும், ஒரு புதையல் திறக்கப்போகிறது என்று பேச்சு எழுந்தது. இந்தச் சந்தையின் விதி தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். அங்கே விலை அசல் தன்மைக்கு. தொழிற்சாலையில் என்ஜினில் அடித்த எண், காரின் ஏட்டோடு பொருந்த வேண்டும்; பெயிண்ட், கியர் பாக்ஸ், இருக்கைத் துணிவரை அதே கதை. கியூபாவின் கார் பிழைக்கக் கொடுத்த விலையே அந்த அசல் பாகங்கள்தான். மேலும், மதிப்பு அதிகம், பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத இரண்டு கதவு ஹார்ட்டாப்புக்கும் நிஜத் திறந்த காருக்கும். டாக்ஸிக்கு உதவும் என்று கியூபாவில் மிஞ்சியவை பெரும்பாலும் நாலு கதவு செடான்கள். அவற்றை அமெரிக்கச் சேகரிப்பாளர் ஏறெடுத்துப் பார்ப்பது குறைவு. 1957 மாடலில் மட்டும் செவர்லே சுமார் 15 லட்சம் கார்கள் செய்தது. உதிரி பாகங்கள் என்ன, முழு எஃகு உடலே அமெரிக்காவில் புதிதாக வாங்கலாம். இத்தனைக்கும் மேல், இந்தக் கார்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கியூபா அனுமதிப்பதில்லை.

உள்நாட்டு விலைக்குக் காரணம் வேறு. 2014 ஜனவரியில் அரசு ஷோரூம்களில் யாரும் கார் வாங்கலாம் என்று திறந்துவிட்டபோது, பியூஜோ 508 காரின் விலைச் சீட்டில் இருந்தது 2,62,000 டாலர். அரசுச் சம்பளம் மாதம் இருபது டாலர் சுற்றளவில் இருந்த காலம் அது. 2024 மார்ச்சில் சாதாரண பெட்ரோல் லிட்டர் 25 பெசோவிலிருந்து 132 பெசோவுக்குத் தாவியது. இப்படிப்பட்ட இடத்தில் பழைய செவர்லேவை விற்கிறவர் காரின் எண் பொருந்துகிறதா என்று விளம்பரம் செய்வதில்லை. உள்ளே எந்த டீசல், எந்த கியர் பாக்ஸ் என்றுதான் எழுதுகிறார்; வாங்க வருகிறவரும் முதலில் திறக்கச் சொல்வது போனட்டைத்தான்.