எந்த அந்தோனினஸ்? ரோமானிய நாணயத்துக்கு எந்த நூலைத் திறப்பது

பழைய சேகரிப்பு ஒன்றைப் பட்டியலிடும் வேலை வரும்போது நாணயங்களோடு காகிதச் சீட்டுகளும் சேர்ந்தே வரும். முந்தைய உரிமையாளர்கள் எழுதி வைத்தவை. அவற்றில் நான் அடிக்கடி காணும் சொற்கள் ‘அந்தோனினஸ் பியஸ், வெள்ளி’. உறையைப் பிரித்தால் பல சமயம் உள்ளே வேறொருவர் முறைத்துக்கொண்டிருப்பார்.

சீட்டு எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. 138 முதல் 161 வரை ஆண்ட அந்தோனினஸ் பியஸின் பெயரைப் பின்னால் வந்தவர்கள் விடாமல் சூடிக்கொண்டார்கள். காரகல்லா என்று நாம் அழைக்கும் பேரரசர் தம் நாணயங்களில் அந்தப் பெயரை ஒருநாளும் போட்டதில்லை. அங்கே அவரும் அந்தோனினஸ்தான். 218 இல் பதவிக்கு வந்த எலகபாலஸும் அந்தோனினஸ். மூவரின் நாணயத்திலும் ‘பியஸ்’ என்ற சொல் இருக்கும், ஆகஸ்டஸ் என்ற பட்டத்தின் சுருக்கமான ‘ஆக்’ என்பதும் இருக்கும். வேறுபாடு சொற்களின் வரிசையில் இருக்கிறது. மூத்தவரின் காசில் ‘அந்தோனினஸ் ஆக் பியஸ்’ என்று வரும். காரகல்லாவிடம் அது ‘அந்தோனினஸ் பியஸ் ஆக்’ என்று மாறும். பிற்காலக் காசுகளில் ‘பிரிட்’ என்றோ ‘ஜெர்ம்’ என்றோ ஒரு வெற்றிப் பட்டம் ஒட்டிக்கொள்ளும். அதே வரிசைக்கு முன்னால் இம்பரேட்டர் என்ற பட்டத்தின் சுருக்கமான ‘இம்ப்’ நின்றால் எலகபாலஸை நினைக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒரு விண்மீனும் இருந்தால் அநேகமாக அவரேதான்.

என் முதல் ஆண்டுகளில் நானே இதில் விழுந்திருக்கிறேன். அப்போது என்னிடம் இருந்தது பேரரசருக்கு ஒரு படம் என்ற கணக்கில் அமைந்த அறிமுக நூல். பெயரைப் படித்தேன், பக்கத்தைப் புரட்டினேன், ஏறத்தாழ ஒத்த ஒரு முகத்தைக் கண்டேன், எழுதிவிட்டேன். நூலில் பிழை இல்லை. அது பதில் சொல்லவே முனையாத கேள்வியை நான் அதனிடம் கேட்டிருந்தேன்.

ஆகவே யாராவது ‘ரோமானிய நாணயத்துக்கு நல்ல நூல் எது’ என்று கேட்டால், எந்த நாணயம் என்றுதான் திருப்பிக் கேட்கிறேன். குடியரசுக் காலத்ததா, பேரரசுக் காலத்ததா, அல்லது கிழக்கு மாகாண நகரம் ஒன்று தன் பெயரில் அடித்ததா? இந்த மூன்றுக்கும் மூன்று வேறு அலமாரிகள்.

குடியரசுக் காலம்தான் எளிது. மைக்கேல் கிராஃபர்ட் 1974 இல் வெளியிட்ட இரண்டு தொகுதிகளே இன்றும் அடிப்படை. ஒவ்வொரு நாணய வகைக்கும் அவர் தரும் எண்ணில் ஒரு சாய்கோடு இருக்கும். சீசரைக் கொன்ற பின் புரூட்டஸ் வெளியிட்ட, இரண்டு குறுவாள் பொறித்த புகழ்பெற்ற வெள்ளிக் காசு 508/3. முதல் எண் வெளியீட்டுக்கு, அடுத்தது அதற்குள் அடங்கிய வகைக்கு. அதே வரிசை இணையத்தில் படங்களோடு இலவசமாகவே கிடைக்கிறது. அவர் தந்த ஆண்டுகளில் சில, பிந்தைய புதையல் ஆய்வுகளால் நகர்ந்துவிட்டன, எண்கள் நகரவில்லை.

பேரரசுக் காலத்தில்தான் தலைவலி தொடங்குகிறது. எல்லோரும் சுட்டுவது ஆர்.ஐ.சி. என்ற ‘ரோமன் இம்பீரியல் காயினேஜ்’ வரிசையை. 1923 இல் முதல் தொகுதி வந்தது. பத்தாவது தொகுதி 1994 இல். எழுபது ஆண்டுகளில் பலர் கையால் எழுதப்பட்ட பத்துத் தொகுதிகள் ஒரே தரத்தில் இருக்க வாய்ப்பில்லை. முதல் தொகுதியை சதர்லேண்ட் 1984 இல் புதிதாக எழுதினார், எண்களும் மாறின. பேரரசர் திபேரியஸின், அமர்ந்த பெண்ணுருவம் கொண்ட டெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு பழைய பதிப்பில் 3. புதிய பதிப்பில் அது 26, 28, 30 என்று நாற்காலிக் கால்களின் அலங்காரத்தையும் அடியில் உள்ள கோடுகளையும் வைத்துப் பிரிகிறது. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் வெறும் எண்ணை எழுதினால், படிப்பவர் வேறொரு காசைத் தேடிக்கொண்டிருப்பார். பழைய ஏலப் பட்டியல்களைப் படிக்கும்போது வெளியான ஆண்டை முதலில் பார்ப்பது அதனால்தான்.

மூன்றாம் நூற்றாண்டின் குழப்பமான பத்தாண்டுகளுக்கான ஐந்தாம் தொகுதியின் பழைய பகுதிகள் 1927, 1933 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றை மட்டும் நம்பி நான் எதையும் முடிவு செய்வதில்லை. பேரரசர் அவுரேலியன் காலத்துக்கு சில்வியான் எஸ்டியோவின் ஆய்வில் உருவான இணையத் தரவுத்தளம் இருக்கிறது, அங்கே போய்விடுகிறேன்.

ஆறாம் தொகுதி முதல் இன்னொரு மாற்றம். நாணயங்கள் அக்கசாலை வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். நகரம் தெரியாமல் நூலுக்குள் நுழையவே முடியாது. கான்ஸ்டன்டைன் குடும்பத்தின் சின்ன வெண்கலக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வீரர்கள் நிற்பார்கள், நடுவே படைக்கொடிகள். கொடி இரண்டென்றால் 330 ஐ ஒட்டித் தொடங்கிய வரிசை. ஒன்றென்றால் 335 வாக்கில் வந்த, எடை குறைந்த அடுத்த வரிசை. பத்துக்கும் மேற்பட்ட நகரங்கள் இதையே அடித்தன. கீழ் ஓரத்தில் உள்ள சில எழுத்துகள் மட்டுமே ஊரைக் காட்டிக்கொடுக்கும். அங்கேயும் ஒரு குழி உண்டு: ‘கான்ஸ்ட்’ என்று கண்டவுடன் கான்ஸ்டான்டினோபிள் என்று எழுதத் தோன்றும். கான்ஸ்டன்டினா என்று சில காலம் பெயர் மாறியிருந்த, இன்றைய பிரான்சில் உள்ள ஆர்ல் நகரத்தின் குறி அது. அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை அடித்தது என்று காட்டும் பட்டறை எழுத்து அதற்கு முன்னால் நிற்கும். கான்ஸ்டான்டினோபிளின் ‘கான்ஸ்’ குறியிலோ பட்டறை எழுத்து பின்னால் வரும். அந்த ஓரமே தேய்ந்து போயிருந்தால் எந்த நூலும் உதவாது. அங்கே நேர்மையாக எண் கொடுக்க வழியில்லை.

மூன்றாவது அலமாரி மாகாண நாணயங்களுடையது. முகம் ரோமானியப் பேரரசருடையதாக இருந்தும் எழுத்து கிரேக்கமாக இருந்தால், ஆர்.ஐ.சி. யைத் திறந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது அதில் இருக்காது. 1992 இல் தொடங்கிய ‘ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ்’ வரிசைக்குப் போக வேண்டும். அதன் இணையப் பதிப்பு இலவசம். முற்றிலும் முடியாத பணி என்பதால் சில காலங்களுக்குப் பழைய அருங்காட்சியகப் பட்டியல்கள் தேவைப்படும்.

பேரரசுக் கால நாணயங்களைப் பட்டியலிடும் கோஹனின் பிரெஞ்சு நூலைப் பழசு என்று பலர் ஒதுக்குகிறார்கள். 1880 முதல் 1892 வரை வந்த இரண்டாம் பதிப்பு, எட்டுத் தொகுதிகள். ஆண்டுக் கணிப்பு, அக்கசாலை எதற்கும் அதை நம்பக் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஆட்சியாளருக்குக் கீழும் பின்பக்க வாசகங்களை அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார். தேய்ந்த காசில் பின்பக்க வாசகத்தின் தொடக்கத்தில் நாலைந்து எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருக்கும்போது, புது நூல்கள் கைவிரிக்கும் இடத்தில் அது கைகொடுக்கும். காப்புரிமை முடிந்து போனதால் பணமும் செலவில்லை. தொடக்க நிலைச் சேகரிப்பாளர் ஒரு நூலை விலைக்கு வாங்கியே தீருவேன் என்றால், டேவிட் சியரின் ஐந்து தொகுதிகளில் தம் காலத்துக்குரியதை வாங்கலாம். விவரிப்புகள் நன்று, அதிலுள்ள விலைகளை மட்டும் மறந்துவிடுங்கள்.

இணையத்தில் எல்லாத் தளங்களையும் ஒரே தட்டில் வைக்கிறவர்களைப் பார்க்கிறேன். அமெரிக்க நாணயவியல் சங்கம் பங்கேற்று நடத்தும், ஆர்.ஐ.சி. யை அடிப்படையாகக் கொண்ட வகைத் தரவுத்தளம் ஒரு ரகம்: ஒவ்வொரு வகைக்கும் ஒரு பதிவு, அதன்கீழ் அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகள். ஏல விற்பனைக் காப்பகங்கள் வேறு ரகம். அங்கே ஒருவர் அவசரத்தில் செய்த பிழையை அடுத்தவர் நகலெடுப்பார், மூன்றாமவர் இருவரையும் சான்றாகக் காட்டுவார். படங்களை ஒப்பிட மட்டும் அங்கே போகிறேன். படத்தை வைத்துத் தேடும் செயலிகள் முகச்சாயலில் மயங்குகின்றன. நான் மேலே சொன்ன சொல்வரிசை அவற்றின் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை.

ஆர்.ஐ.சி. யில் ஒவ்வொரு எண்ணுக்கும் அருகே ‘ஆர் 2’, ‘ஆர் 5’ என அரிதின் அளவுகோல் இருக்கும். விற்பவர்களுக்கு இது மிகவும் பிடிக்கும். அந்தத் தொகுதி எழுதப்பட்டபோது பெரிய அருங்காட்சியகங்களில் எத்தனை இருந்தன என்பதை ஒட்டிய கணிப்புதான் அது. அதற்குப் பிறகு உலோகங்காட்டிகள் நிலத்திலிருந்து வெளியே கொண்டுவந்த புதையல்களை 1930 களின் தொகுதி எப்படி அறியும்? அந்த எழுத்துக்காக ஒரு காசு கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இன்னும் மோசமான மயக்கம், எண் கிடைத்துவிட்டால் காசு உண்மையானது என்று எண்ணுவது. அப்படி ஒரு வகை அடிக்கப்பட்டது என்பதை மட்டுமே பட்டியல் சொல்கிறது. போலி செய்கிறவரும் அதே பட்டியலைப் பார்த்துத்தான் செய்கிறார். அவருடைய காசுக்கு எண் இன்னும் கச்சிதமாகப் பொருந்தும். எடை, விட்டம், ஓரத்தில் வார்ப்புக் கோடு, ஒரே பள்ளம் ஒரே இடத்தில் இருக்கும் இன்னொரு காசு வேறெங்காவது விற்பனைக்கு வந்திருக்கிறதா என்பன தனி விசாரணை. எடை குறைந்த டெனாரியஸ் செம்பின் மேல் வெள்ளி போர்த்திய பழங்காலப் போலியாகவும் இருக்கலாம். அதுவும் ரோமானியக் காலத்ததே, ஆனால் சீட்டில் அப்படித்தான் எழுத வேண்டும்.

வாசகம் முழுதும் தெரியாத காசுக்கு நான் எண்ணுக்கு முன்னால் ‘ஒப்பிடுக’ என்று எழுதுகிறேன். நூலில் இல்லாத சிறு மாறுபாடு இருந்தால் ‘மாறுபட்டது’ என்கிறேன். பயன்படுத்திய நூலின் பதிப்பாண்டையும் குறிக்கிறேன். வாடிக்கையாளர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. வெறும் எண் இருந்தால் பார்க்க நிறைவாக இருக்கும் என்கிறார்கள்.

தவறாக எழுதப்பட்ட அந்தப் பழைய சீட்டுகளை நான் எறிவதில்லை. புதிய சீட்டுக்குப் பின்னால் அதே உறையில் வைத்துவிடுகிறேன். ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு சீட்டில் கோஹன் எண் ஒன்று இருந்தது. ஆட்சியாளரின் பெயர் தவறு, எண் சரி. எழுதியவர் நூலைச் சரியாகத் திறந்து, சீட்டில் மட்டும் வேறு அந்தோனினஸை எழுதியிருக்கிறார்.